பழைய அறுவைக் குறிப்பிலிருந்து தொடங்குங்கள்: பெருந்தமனி வேர் மாற்றியவருக்குக் குழாய் வழி வால்வு வைக்கும் முன்

என் தாய்மாமாவுக்கு 2010-ஆம் ஆண்டு வேறோர் ஊரில் நெஞ்சைத் திறந்து பெருந்தமனியின் வேர்ப்பகுதியை மாற்றினார்கள். அதன் பிறகு குடியாத்தத்தில் தம் கடைக்குத் திரும்பிப் பதின்மூன்று ஆண்டுகள் குறையில்லாமல் நடமாடியவருக்கு, ஒரு தை மாதத்தில் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கத் தொடங்கியது. வேலூரில் எக்கோ எடுத்துப் பார்த்த மருத்துவர், உள்ளே வைத்த வால்வு கெட்டுவிட்டது என்றும், மறுபடி நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வை வைக்க முடியுமா என்று பார்க்கலாம் என்றும் சொன்னார். இதைத்தான் குழாய் வழி வால்வு என்கிறார்கள். அடுத்து அவர் கேட்ட கேள்விக்கு எங்கள் ஒருவரிடமும் விடை இல்லை. அன்று வைத்தது எந்த வால்வு, என்ன அளவு, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரிக் குழாய்களை எப்படித் தைத்தார்கள்?

வீட்டு பீரோவில் இருந்த டிஸ்சார்ஜ் தாளில் ‘வால்வு மாற்றப்பட்டது’ என்ற ஒரே வரிதான் இருந்தது. முதல் அறுவை நடந்த இடத்திலிருந்து அறுவைக் குறிப்பின் நகல் வந்து சேர 19 நாட்கள் ஆயின. அதற்குள் மாமாவின் கால்கள் வீங்கி, நுரையீரலில் நீர் கோத்து, அவரை அவசரமாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்த 19 நாட்கள் வேறு எந்தக் குடும்பத்துக்கும் வரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். சிகிச்சையை முடிவு செய்பவர்கள் மருத்துவர்கள். அவர்கள் சரியாக முடிவு செய்வதற்கு வேண்டியவற்றைக் கையில் வைத்திருப்பது குடும்பத்தின் வேலை.

முதலில் எந்த அறுவை என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெருந்தமனி இதயத்தை விட்டுப் புறப்படும் இடம்தான் வேர். மூன்று இதழ் கொண்ட வால்வும், அதற்குச் சற்று மேலே இரண்டு கரோனரிக் குழாய்களின் வாய்களும் அந்தச் சிறிய இடத்துக்குள் அடங்கியிருக்கின்றன. அந்த இடம் பலூன் போல வீங்கினாலும், உட்சுவர் கிழிந்தாலும், வெறும் வால்வை மட்டும் மாற்றினால் போதாது. ஹ்யூ பென்டால், அந்தோணி டி போனோ என்ற இருவர் 1968-இல் வெளியிட்ட முறையில், செயற்கைத் துணிக்குழாயோடு வால்வையும் சேர்த்துத் தைத்து, கரோனரி வாய்களை அந்தக் குழாயில் மீண்டும் பொருத்துகிறார்கள். நம் ஊர் மருத்துவர்கள் ‘பென்டால்’ என்று ஒற்றைச் சொல்லில் குறிப்பிடுவது இதைத்தான். டொரன்டோவின் டைரோன் டேவிட் 1992-இல் விவரித்த முறையிலோ, நோயாளியின் சொந்த வால்வு இதழ்களை அப்படியே வைத்துக்கொண்டு, சுற்றியுள்ள சுவரை மட்டும் துணிக்குழாயாக மாற்றுவார்கள். இவற்றைத் தவிர, இறந்தவர் கொடையாகத் தந்த வேரை வைப்பதும், டொனால்ட் ராஸ் 1967-இல் சொன்னபடி நோயாளியின் நுரையீரல் தமனி வால்வையே எடுத்துப் பெருந்தமனியில் வைப்பதும் உண்டு.

இந்த வேறுபாட்டிலேயே பாதி விடை அடங்கியிருக்கிறது. பென்டால் குழாய்க்குள் வைத்தது உலோக வால்வு என்றால், அதற்குள் குழாய் வழி வால்வை வைக்க முடியாது. அதன் கரிமத் தட்டுகள் விலகி இடம் தராது. அமைதியான இரவில் நெஞ்சில் கடிகாரம் போன்ற ஒலி கேட்பவரும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோ அசிட்ரோமோ எடுத்துக்கொண்டு, ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனையை மாதாமாதம் பார்ப்பவரும் பெரும்பாலும் இந்த வகையினர்தான். அந்த வால்வு சரியாகத் திறக்கவில்லை என்றால், அதில் ரத்தம் உறைந்திருக்கிறதா, சதை வளர்ந்து தடுக்கிறதா என்று கண்டறிந்து, மருந்தாலோ அறுவையாலோதான் தீர்க்க வேண்டும். மாட்டின் இதயச் சவ்விலோ பன்றியின் வால்விலோ செய்த உயிர்த்திசு வால்வு என்றால் வழி திறந்திருக்கிறது. அத்தகைய வால்வுகள் பொதுவாகப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகளில் தேய்கின்றன. இளம் வயதில் வைத்தால் இன்னும் விரைவில் தேய்கின்றன.

டேவிட் முறையில் அறுவை செய்துகொண்டவரிடம் வேறொரு சிக்கல் இருக்கிறது. அவருடைய சொந்த இதழ்கள் பெரும்பாலும் சுருங்காமலும் சுண்ணாம்பு படியாமலும் வெறுமனே ஒழுகுகின்றன. குழாய் வழி வால்வு நிலைத்து நிற்கப் பிடிமானம் வேண்டும். அதைத் தருவது அந்தச் சுண்ணாம்பு அல்லது பழைய வால்வின் வளையம். அது இல்லாத இடத்தில் வால்வு நழுவக்கூடும் என்பதால், உடல் தாங்கக்கூடியவருக்கு மீண்டும் அறுவையே நல்லது என்று மருத்துவர் சொல்லலாம். கொடை வேரில் நிலைமை தலைகீழ். அது கல்லாக இறுகியிருப்பதால் மறு அறுவை கடினம். ஆகவே குழாய் வழி முறை அங்கே கவனத்துடன் எண்ணப்படுகிறது.

குறிப்பைப் பெறும் வழி

டிஸ்சார்ஜ் சம்மரி வேறு, அறுவைக் குறிப்பு வேறு. நீங்கள் கேட்க வேண்டியது பின்னதை. வால்வின் பெயர், அளவு, தொடர் எண், துணிக்குழாயின் அகலம், அது நேர்க்குழாயா அல்லது இயல்பான வேரைப் போல அடியில் புடைத்ததா, கரோனரி வாய்களைப் பொத்தான் போல வெட்டியெடுத்துத் தைத்தார்களா அல்லது இடையில் சிறு குழாய் வைத்து இணைத்தார்களா, மாற்றியது ஏறும் பெருந்தமனி வரையா வளைவு வரையா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

விண்ணப்பத்தை மருத்துவ ஆவணப் பிரிவுக்கு எழுதுங்கள். நோயாளியின் பெயர், தந்தை பெயர், ஹாஸ்பிடல் நம்பர், சேர்ந்த தேதி, ஆதார் நகல் ஆகியவற்றோடு, நோயாளி நேரில் போக முடியாவிட்டால் அவர் கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதத்தையும் இணையுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணத்தைத் தர வேண்டும். ஆனால் அதே விதிகள், உள்நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்றும் சொல்கின்றன. ஆகவே அறுவை முடிந்து நன்றாக இருக்கும் காலத்திலேயே நகலை வாங்கி வைப்பதுதான் பாதுகாப்பு. நாங்கள் செய்யத் தவறியது இதைத்தான்.

கோப்பு அழிந்துவிட்டது என்று சொன்னாலும் திரும்பிவிடாதீர்கள். அறுவை அரங்கப் பதிவேடு தனியாக இருக்கும். வால்வுப் பெட்டியிலிருந்து உரித்த ஒட்டுத்தாளை அதில் ஒட்டி வைப்பது வழக்கம். அதுவும் கிடைக்காவிட்டால், எக்ஸ்ரேயில் தெரியும் உலோக வளையத்தின் வடிவத்தையும் சி.டி.யில் எடுக்கும் அளவுகளையும் கொண்டு வால்வை அடையாளம் காண மருத்துவர்களுக்கு வழி உண்டு. வால்வின் மேல் அச்சிட்ட அளவும் அதன் உண்மையான உள்விட்டமும் ஒன்றல்ல. உள்விட்டம் சில மில்லிமீட்டர் குறைவாகவே இருக்கும். இதைச் சரியாகக் கணிக்க உதவும் கைபேசிச் செயலி ஒன்றை இதய அறுவை மருத்துவர் விநாயக் பாபட் உருவாக்கியிருக்கிறார். ஆனால் வால்வின் பெயர் தெரிந்தால்தான் அந்தச் செயலியும் முழுப் பயன் தரும்.

வால்வு ஏன் கெட்டது என்ற கேள்வி

குழாய் வழி வால்வு என்று பேசத் தொடங்கும் முன், வேறு மூன்று காரணங்கள் இல்லை என்று உறுதியாக வேண்டும். இதை மருத்துவரிடம் நீங்களே கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

ஒன்று, தொற்று. வால்விலோ துணிக்குழாயிலோ கிருமி குடியேறியிருந்தால், அதற்குள் புது வால்வை வைப்பது தீயின் மேல் துணியைப் போடுவது போன்றது. நம் பக்கத்தில் விட்டு விட்டு வரும் காய்ச்சலுக்கு டைபாய்டு என்றோ உண்ணிக் காய்ச்சல் என்றோ எண்ணி, மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. செயற்கை வால்வு உள்ளவர் இதைச் செய்யவே கூடாது. ஆன்டிபயாடிக் உள்ளே போன பிறகு ரத்தக் கல்ச்சரில் கிருமி சிக்காமல் போகலாம். மாலைக் குளிர்காய்ச்சல், எடைக் குறைவு, பசியின்மை இருந்தால், மருந்து தொடங்கும் முன் வெவ்வேறு இடங்களிலிருந்து மூன்று முறை ரத்தம் எடுத்துக் கல்ச்சர் செய்யச் சொல்லுங்கள்.

இரண்டு, இதழ்களில் ரத்தம் உறைந்திருப்பது. இது சி.டி.யில் தெரியும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைச் சில மாதங்கள் கொடுத்தால் வால்வு மீண்டும் திறந்துகொள்வதும் உண்டு.

மூன்றாவது காரணத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். முதல் அறுவையிலேயே உடலுக்குச் சிறிய வால்வு வைக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் வால்வின் இரு பக்கமும் உள்ள சராசரி அழுத்த வேறுபாடு, அதாவது எக்கோவில் எழுதும் ‘மீன் கிரேடியன்ட்’, முதல் நாளிலிருந்தே கூடுதலாகத்தான் இருந்திருக்கும். சிறிய வால்வுக்குள் இன்னொன்றை வைத்தால் வழி மேலும் குறுகும். முதல் அறுவை முடிந்த சில வாரங்களில் எடுத்த எக்கோ அறிக்கை இதற்காகவே தேவைப்படுகிறது. அன்றைக்கு இருந்ததைவிட கிரேடியன்ட் 20 மி.மீ. (ரத்த அழுத்தத்தைப் போலப் பாதரச அளவில்) அல்லது அதற்கு மேல் கூடி, இன்று 30 மி.மீ.யைத் தாண்டியிருந்தால், வால்வு கடுமையாகக் கெட்டதற்கான அடையாளமாக அதைக் கொள்கிறார்கள். பழைய எண் இல்லாமல் புது எண்ணை மட்டும் வைத்துப் பேசுவது, போன ஆண்டின் கணக்கு இல்லாமல் இந்த ஆண்டின் லாபத்தைச் சொல்வது போன்றது.

சி.டி. எடுக்கும் நாள்

எல்லாத் திட்டமும் இந்த ஒரு சோதனையின் மேல் நிற்கிறது. இதயத்துடிப்போடு இணைத்து, சாயம் செலுத்தி, நெஞ்சிலிருந்து தொடை வரை எடுப்பார்கள். மூச்சைப் பத்து நொடி அடக்கச் சொல்வார்கள். மூச்சிரைப்பு உள்ளவருக்கு அது எளிதல்ல. முந்தின நாட்களில் வீட்டிலேயே பழகிக்கொண்டால் படம் தெளிவாக வரும்.

சாயம் சிறுநீரகத்தின் மேல் சுமை ஏற்றும். வேலூரின் சித்திரை, வைகாசி வெயிலில் காலையில் புறப்பட்டு, பஸ்ஸில் ஆரணியிலிருந்தோ வாணியம்பாடியிலிருந்தோ வந்து, வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவரின் உடலில் நீர் ஏற்கெனவே வற்றியிருக்கும். அதற்காகச் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லவும் முடியாது. இதயம் தளர்ந்தவருக்கு அது நுரையீரலில் கோக்கும். எவ்வளவு குடிக்கலாம் என்று அளவோடு கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அறிக்கை கையில் இருக்கட்டும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவரும், முன்பு சாயத்தால் அரிப்போ மூச்சுத்திணறலோ வந்தவரும் முதலிலேயே சொல்ல வேண்டும்.

அந்தப் படத்தில் மருத்துவர்கள் முக்கியமாகத் தேடுவது கரோனரி வாய்களை. புது வால்வு விரியும்போது பழைய வால்வின் இதழ்கள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு நிமிர்ந்து நிற்கும். சுவரோடு சாய்த்துத் திறந்த கதவு பக்கத்து ஜன்னலை மறைப்பது போல, அந்த இதழ் கரோனரி வாயை மறைத்துவிடலாம். இயல்பான வேரில் சுவர் வெளியே புடைத்திருப்பதால் இடைவெளி கிடைக்கும். நேரான துணிக்குழாயில் அந்தப் புடைப்பு இல்லை. மீண்டும் தைத்த வாய்கள் பழைய இடத்திலிருந்து விலகியும் இருக்கலாம். புது வால்வு நிற்கப்போகும் இடத்துக்கும் கரோனரி வாய்க்கும் உள்ள தூரம் 4 மி.மீ.க்குக் குறைந்தால் ஆபத்து மிகுதி என்று கணிக்கிறார்கள். வேர் அறுவை செய்தவருக்குக் குழாய் வழி வால்வு வைப்பதன் உண்மையான கடினம் இதுதான். தொடை வழியா, தோள் வழியா என்பதெல்லாம் இதற்குப் பிறகு.

ஆகவே இந்தத் தூரம் எவ்வளவு என்று இடம், வலம் இரண்டுக்கும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குறைவாக இருந்தால் என்ன பாதுகாப்பு என்று அடுத்துக் கேளுங்கள். கரோனரிக்குள் முன்கூட்டியே கம்பியும் ஸ்டென்டும் தயாராக வைப்பது ஒரு வழி. மின்சாரம் பாயும் நுண்கம்பியால் பழைய இதழை நடுவில் கிழித்து ரத்தத்துக்கு வழிவிடும் ‘பசிலிக்கா’ முறை இன்னொன்று. அதில் பயிற்சி பெற்றவர்கள் எல்லா இடத்திலும் இருப்பதில்லை. இரண்டுக்கும் இடமில்லை என்றால் மறு அறுவைதான் நேர்மையான விடை.

அறுவை மருத்துவரையும் பாருங்கள்

பிரான்சின் ரூவான் நகரில் ஆலன் கிரிபியே 2002 ஏப்ரலில் முதன்முதலாக மனிதருக்குக் குழாய் வழி வால்வு வைத்தபோது, அது அறுவைக்கு வழியே இல்லாதவருக்கான கடைசி முயற்சியாக இருந்தது. இன்று வயதானவர்களுக்கு அது வழக்கமான சிகிச்சை. அதனாலேயே ‘தொடை வழி என்றால் எளிது’ என்று எண்ணி, இதய அறுவை மருத்துவரைச் சந்திக்காமலே குடும்பங்கள் முடிவெடுத்துவிடுகின்றன. இது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். மறு அறுவையில் மார்பெலும்புக்குச் சற்றுக் கீழேயே துணிக்குழாய் ஒட்டியிருக்கும் ஆபத்து உண்மைதான். ஆனால் ஐம்பது வயதுக்காரருக்கு, சிறிய பழைய வால்வை எடுத்துப் பெரியதாக வைத்தால் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அது நன்மையாக இருக்கலாம். இரு துறையினரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிய முடிவை எழுத்தில் கேளுங்கள்.

நெஞ்சறுவைக்கென்று மருத்துவர் ரீவ் பெட்ஸ் 1949-இல் கிறித்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யில் துறை தொடங்கிய ஊர் வேலூர். இரு துறையினரையும் சந்திக்க நம் மாவட்டத்தார் தொலைதூரம் போக வேண்டியதில்லை. வேலூர் நகர வளாகமா, ராணிப்பேட்டை வளாகமா என்று சீட்டில் பார்த்துவிட்டு மட்டும் புறப்படுங்கள். காட்பாடியில் இறங்கிய பிறகு தெரிந்தால் அரை நாள் வீண்.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் இந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு பொருந்தும் என்பதைச் சேரும் முன்பே காப்பீட்டு மேசையில் கேட்க வேண்டும். மதிப்பீட்டில் வால்வின் விலை, தீவிர சிகிச்சை நாட்கள், பேஸ்மேக்கர் தேவைப்பட்டால் அதன் விலை ஆகியவை தனித்தனியாக இருக்கட்டும். குஜராத்தின் வாப்பியில் தயாராகும் ‘மைவால்’ உட்பட, எந்த வால்வை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள். விலையைப் போலவே, இடைப்பட்ட அளவுகள் கிடைப்பதும் பழைய வால்வுக்குள் பொருத்தும்போது முக்கியம்.

சேர்வதற்கு முன் பல் மருத்துவரிடம் காட்டிச் சொத்தைப் பற்களைத் தீர்த்துவிடுங்கள்.

வீடு திரும்பிய பிறகு

தொடை வழியாக நடந்தால் பெரும்பாலோர் சில நாட்களில் வீடு திரும்புகிறார்கள். முதல் வாரம் குந்தி உட்காரும் கழிப்பறை வேண்டாம். தொடை மடிப்பில் அழுத்தம் விழும். குடமோ அரிசி மூட்டையோ தூக்க வேண்டாம். துளையிட்ட இடம் வீங்கினாலும், கால் குளிர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும், மயக்கம் வந்தாலும் அன்றே போக வேண்டும்.

வேறு காரணம் இல்லாதவருக்குப் பொதுவாகக் குறைந்த அளவு ஆஸ்பிரின் ஒன்றே தொடரும். துடிப்புச் சீரற்றவருக்கு வேறு மருந்து. ஒரு மாதத்தில் எக்கோ, பிறகு ஆண்டுதோறும். இந்த முதல் எக்கோவைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் ஒப்பிட இதுவே அடிப்படை. ஈறில் ரத்தம் வரும் பல் சிகிச்சைக்கு முன், ஒவ்வாமை இல்லாத பெரியவருக்கு அமாக்ஸிசிலின் 2 கிராம் ஒரு வேளை கொடுப்பது வழக்கம். பல் மருத்துவரிடம் வால்வைப் பற்றி நீங்களே சொல்ல வேண்டும்.

துணிக்குழாய் மாற்றியது பெருந்தமனியின் ஒரு பகுதியைத்தான். மீதிப் பகுதி அதே நோயுற்ற சுவரோடு இருக்கிறது. மார்ஃபான் போன்ற பரம்பரைக் குறை உள்ளவருக்கு இது இன்னும் பெரிய விஷயம். வால்வு நன்றாக இருக்கிறது என்ற மகிழ்ச்சியில் பெருந்தமனியின் சி.டி. கண்காணிப்பை விட்டுவிடாதீர்கள்; ரத்த அழுத்த மாத்திரையையும் விடாதீர்கள். வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்க் கடுப்புக்கும் கடையில் சட்டென்று எடுத்துத் தரும் சிப்ரோஃப்ளாக்ஸசின் வகை மாத்திரைகள் பெருந்தமனி கிழியும் ஆபத்தைக் கூட்டலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2018 டிசம்பரில் எச்சரித்திருக்கிறது. வேறு மருந்து இருக்கும்போது அதைத் தவிர்க்கும்படி உங்கள் ஊர் மருத்துவரிடம் சொல்லி வையுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில், பில் கட்டிவிட்டு வண்டி பிடிக்கும் அவசரத்தில், புது வால்வின் அட்டையைக் கேட்காமல் வராதீர்கள். வால்வின் பெயர், அளவு, தொடர் எண், வைத்த தேதி நான்கும் அதில் இருக்கின்றனவா என்று நின்று படித்துப் பாருங்கள். செயல்முறைக் குறிப்பின் நகலையும், சி.டி. படத்தின் குறுந்தகட்டையும் அன்றே வாங்குங்கள். மாமாவின் அட்டையும், 2010-ஆம் ஆண்டுக் குறிப்பின் நகலும் இப்போது ஒரே பிளாஸ்டிக் உறையில் இருக்கின்றன. இரண்டின் படமும் எங்கள் வீட்டில் மூன்று பேர் கைபேசியில் இருக்கிறது.